மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்

1965 ஜூன் 3. ஜெமினி 4 விண்கலம் சுற்றுப்பாதையை அடைந்த சற்று நேரத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் ஒரு பரிசோதனையில் இறங்கினார். தங்களைச் சுமந்து வந்த டைட்டன் ராக்கெட்டின் காலி அடுக்கு கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதை நெருங்கி, அதன் கூடவே பறக்க வேண்டும். மெக்டிவிட் கொரியப் போரில் போர் விமானம் ஓட்டியவர், பிறகு சோதனை விமானி. இலக்கு கண்ணெதிரே தெரிந்தது. கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி, உந்து எஞ்சினை இயக்கினார். இலக்கு கிட்டே வரவில்லை. கீழிறங்கி விலகிப் போனது. மறுபடி குறிபார்த்தார், மறுபடி உந்தினார். இன்னும் விலகியது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். முயற்சியைக் கைவிட்டார்கள்.

விமானத்தில் அவர் செய்தது சரியான காரியம். சுற்றுப்பாதையில் கணக்கு தலைகீழ். முன்னோக்கி உந்தினால் பாதை மேலே ஏறுகிறது. மேலே உள்ள பாதை சுற்றளவில் பெரியது, அங்கே வேகமும் குறைவு. ஆகவே உந்தியவர் பின்தங்கிவிடுவார். முன்னால் போகும் ஒன்றை எட்டிப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். அந்தச் சிறிய வட்டத்தில் விரைந்து ஓடி முந்தியபின் மேலே ஏற வேண்டும். அதே 1965 டிசம்பரில் ஜெமினி 6-ஏ, ஜெமினி 7 இரண்டும் இந்தக் கணக்கின்படி நடந்துகொண்டுதான் ஒன்றையொன்று நெருங்கின.

மெக்டிவிட் அன்று செய்த அதே காரியத்தை, குறிபார் - உந்து - நெருங்கு என்பதை, விண்வெளிச் சண்டைக் கணினி விளையாட்டுகளில் நாம் ஒவ்வொரு நிமிடமும் செய்கிறோம். அங்கே அது பலிக்கிறது. ஏன் பலிக்கிறது, அதைப் பலிக்க வைக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கைவசம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது: ‘ஸ்குவாட்ரன் 42’.

கிறிஸ் ராபர்ட்ஸின் கிளவுட் இம்பீரியம் கேம்ஸ் உருவாக்கும் விளையாட்டு இது. ‘ஸ்டார் சிட்டிசன்’ என்ற பலர் கூடி ஆடும் விளையாட்டோடு சேர்த்து 2012இல் இதை அறிவித்தார்கள். அன்று சொன்ன வெளியீட்டு ஆண்டு 2014. இரண்டுக்கும் சேர்த்துப் பொதுமக்களிடமிருந்து திரட்டிய பணம் 2024இல் 70 கோடி டாலரைத் தாண்டியது. 2024 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ரசிகர் கூட்டத்தில் ஸ்குவாட்ரன் 42-இன் ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டத்தை மேடையில் ஆடிக் காட்டி, 2026இல் வெளிவரும் என்றார்கள். ஒரே ஆள் ஆடும் கதை. காலம் 30ஆம் நூற்றாண்டு. கேரி ஓல்ட்மேன், மார்க் ஹாமில், ஜில்லியன் ஆண்டர்சன், ஹென்றி கேவில் ஆகியோரின் முகத்தையும் உடலசைவையும் பதிவுசெய்து பாத்திரங்களாக்கியிருக்கிறார்கள். ஹாமில் ராபர்ட்ஸுக்குப் பழைய கூட்டாளி. ராபர்ட்ஸ் 1990இல் தொடங்கிய ‘விங் கமாண்டர்’ வரிசையின் மூன்றாம் பாகத்தில், 1994இல், கதாநாயகன் ஹாமில்தான்.

கதை என்றால் அருகாமை வேண்டும். எதிரி யாரென்று தெரியவேண்டும், கூட வருபவனின் குரல் உடைவது காதில் விழவேண்டும், தப்பிப் போகிறவனைத் துரத்துவதற்கு அவன் கண்ணில் பட வேண்டும். விண்வெளி இவற்றில் எதையும் தராது. அது தருவது தூரமும் வேகமும் மட்டும். அந்தத் தூரத்தை மனித அளவுக்குச் சுருக்குவதும், சுருக்கியதை ஆடுபவர் உணராமல் பார்த்துக்கொள்வதும்தான் இத்தகைய விளையாட்டை உருவாக்குபவர்களின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். “இந்த விளையாட்டுகளில் இயற்பியலே தப்பு” என்று ஒதுக்குகிறவர்கள் இந்த உழைப்பைப் பார்ப்பதில்லை.

நகர்வதிலிருந்து தொடங்கலாம். கேரம் பலகையில் போரிக் பவுடர் தூவிச் சுண்டினால் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு போகும். ஆனாலும் சற்றே உராய்வு மிச்சமிருப்பதால் எங்கோ நிற்கும். அந்த மிச்சமும் இல்லாத பலகை விண்வெளி. ஒருமுறை உந்திவிட்டால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிற்க வேண்டுமானால் வந்த திசைக்கு எதிராக அதே அளவு உந்த வேண்டும். அதைவிட மனத்துக்குப் பழகாதது வேறொன்று: கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. ஒகேனக்கலில் பரிசலில் போனவர்களுக்கு இது புரியும். பரிசல்காரர் துடுப்பால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் நம் முகம் எல்லாத் திசையும் பார்க்கிறது; பரிசல் என்னவோ ஆறு இழுக்கும் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. விமானத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. மூக்கைத் திருப்பியதும் காற்று இறக்கைகளில் மோதி மொத்த உடலையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும். விமானிக்குத் திரும்புதலும் போதலும் ஒன்றே என்று தோன்றுவது காற்று செய்துகொடுக்கும் உபகாரம்.

ஸ்டார் சிட்டிசனும் ஸ்குவாட்ரன் 42-ம் இந்த உபகாரத்தைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டன. அடியில் நியூட்டனின் விதிகள் ஓடுகின்றன. கலத்தைச் சுற்றிலும் சிறு உந்து எஞ்சின்கள் இருக்கின்றன. நடுவே பறத்தல் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் அது “இடப்பக்கம் போக விரும்புகிறார்” என்று புரிந்துகொண்டு, முன்பு போய்க்கொண்டிருந்த திசையின் வேகத்தைக் கொல்லவும் புதிய திசையில் வேகம் கூட்டவும் எந்தெந்த எஞ்சினை எவ்வளவு இயக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. மூக்கும் போக்கும் இணைந்த நிலை இது. ஒரு பொத்தானை அழுத்தினால் இணைப்பு அறுந்துவிடும். அப்போது கலம் பழைய திசையிலேயே வழுக்கிப் போகும். அப்படிப் போகும்போதே நீங்கள் மூக்கைத் திருப்பிப் பின்னால் வருபவனைச் சுடலாம்.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நம் தேஜஸ் போர் விமானம் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி நின்று நொடிக்கு நொடி சமன் செய்யாவிட்டால் அதைப் பறக்கவே வைக்க முடியாது. ஓட்டுபவரின் விருப்பத்தை இயற்பியலின் மொழிக்கு மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் இங்கேயும் அங்கேயும் ஒரே ஆள்தான்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மட்டும் போதாது. வேகம் என்ற சிக்கல் இருக்கிறது. 2024இல் ஸ்டார் சிட்டிசனில் சண்டைக்கு ஒரு நிலை, பயணத்துக்கு ஒரு நிலை என்று பிரித்தார்கள். சண்டை நிலையில் கலங்களின் வேகம் நொடிக்குச் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.66 கி.மீ. ஓடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய போர்க்கலம் இன்றைய நிலையத்தைவிட முப்பது, நாற்பது மடங்கு மெதுவாகவா சண்டை போடும் என்று கோபித்துக்கொண்ட ரசிகர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

வளைந்து திரும்பும்போது உடம்பின் மேல் விழும் முடுக்கம், வேகத்தின் இருமடியைத் திருப்பத்தின் ஆரத்தால் வகுத்தால் வரும். நொடிக்கு 200 மீட்டரில் 500 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பூமியின் ஈர்ப்பைப்போல் எட்டு மடங்கு சுமை. அழுத்த உடை அணிந்து பயிற்சி பெற்ற விமானி ஒன்பது மடங்கைச் சில நொடிகள் தாங்குவார். 180 பாகை திரும்பி முடிக்க எட்டு நொடி. இப்போது சுமையை மாற்றாமல் வேகத்தை மட்டும் நொடிக்கு 1 கி.மீ. ஆக்குங்கள். ஆரம் பன்னிரண்டரை கி.மீ. ஆகிவிடும், திரும்பி முடிக்க நாற்பது நொடி. விண்வெளி நிலையத்தின் வேகத்தில் ஆரம் 730 கி.மீ.; ஐந்து நிமிடம் அதே சுமையைத் தாங்க வேண்டும். உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார். விண்வெளியில் வளைந்துதான் திரும்ப வேண்டும் என்றில்லையே, நேராக நின்று திரும்பி வரலாமே என்று கேட்டால், அதற்கும் வேகத்தைக் கொல்ல ஒன்றரை நிமிடம், மறுபடி ஏற்ற ஒன்றரை நிமிடம். அதற்குள் எதிரி ஆயிரம் கி.மீ. போயிருப்பான்.

உடம்பை விடுவோம், கண்ணுக்கு வருவோம். இரண்டு கலங்கள் ஆளுக்கு நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. நெருங்கும் வேகம் நொடிக்கு 2 கி.மீ. திரை நொடிக்கு 60 படங்கள் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எதிரி 33 மீட்டர் நகர்ந்துவிடுகிறான். அவன் கலத்தின் நீளம் 20 மீட்டர் என்று வையுங்கள். ஒரு படத்தில் உங்கள் முன்னால் இருக்கிறான், அடுத்ததில் பின்னால். கடந்து போன கணம் எந்தப் படத்திலும் இல்லை. மோதலைக் கணிக்கும் நிரலுக்கும் இதே திண்டாட்டம்: படத்துக்குப் படம் மட்டும் சோதித்தால் குண்டு கலத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும், பட்டதாகவே பதிவாகாது. அதனால்தான் இரண்டு படங்களுக்கு நடுவே குண்டு போன பாதையைக் கோடாக இழுத்து, அந்தக் கோடு எதையாவது தொட்டதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்டபோது நெருங்கிய வேகம் நொடிக்கு 11.7 கி.மீ. உண்மையான விண்வெளியில் இரு பொருள்கள் சந்திப்பது அப்படித்தான் இருக்கும். அதில் காட்சி கிடையாது, வசனத்துக்கு நேரமும் கிடையாது.

வெளிப்படையாகத் தெரிந்த வரையில், ஆளேறும் கலமொன்றிலிருந்து விண்வெளியில் பீரங்கி சுடப்பட்ட ஒரே கதையும் அதையே சொல்கிறது. 1974இல் ஏவிய சல்யூட் 3 என்ற சோவியத் நிலையத்தில், குண்டுவீச்சு விமானத்தின் வால் பீரங்கியிலிருந்து உருவாக்கிய துப்பாக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது அசையாது, குறிபார்க்க வேண்டுமானால் நிலையத்தையே திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில், உள்ளே ஒருவரும் இல்லாத வேளையில், தரையிலிருந்து கட்டளை கொடுத்துத்தான் சுட்டுப் பார்த்தார்கள். சுடும்போது நிலையம் பின்னுக்கு உதைபட்டுப் பாதை மாறிவிடாமல் இருக்க எஞ்சின்களையும் சேர்த்து இயக்கியதாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் நம் மனத்தில் பதிந்த, இரைந்து வளைந்து பாயும் விண்வெளிச் சண்டை எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் லூகாஸ் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தபோது இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைப் படத்துண்டுகளை ஒட்டிவைத்து, அவற்றைப் பார்த்தே காட்சிகளை அமைத்தார். விங் கமாண்டர் அந்த வழியில் வந்தது. விமானந்தாங்கிக் கப்பல், அதிலிருந்து கிளம்பும் சிறு கலங்கள், திரும்பி வராத நண்பனின் காலியான படுக்கை எல்லாம் பசிபிக் கடலின் நினைவுகள். இதற்கு மாறாக நடக்கப் பார்த்தவரும் உண்டு. டேவிட் பிரேபன் 1993இல் ‘ஃபிராண்டியர்: எலைட் 2’ விளையாட்டை முழு நியூட்டன் கணக்கில் செய்தார். ஒற்றை ஃபிளாப்பியில் அடங்கிய அந்த அதிசயத்தில் கோள்களின் ஈர்ப்பில் ஊஞ்சலாடிப் போகலாம். சண்டை என்று வந்ததும் இரு கலங்கள் ஒன்றையொன்று கடந்து பறந்து, வேகத்தைக் கொன்று, திரும்பி வந்து, மறுபடி கடந்தன. ஈட்டியேந்திய குதிரைவீரர்களைப் போல. பயணமாக அதை நேசித்தவர்கள்கூட சண்டையாக அதை நேசிக்கவில்லை.

இனி வருவது கண்ணுக்குத் தெரியாத வேலை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான்.

ஓர் எண்ணை எழுத உங்களுக்கு ஏழு கட்டங்கள்தான் தருகிறார்கள் என்று வையுங்கள். சிறிய தொகை என்றால் பைசா வரை எழுதலாம். லட்சங்களுக்குப் போனால் பைசாவுக்கு இடமிருக்காது. கோடிக்கு மேல் போனால் ரூபாயையும் விட்டுவிட வேண்டும். 32 பிட்டில் எண்களை வைக்கும் கணினிக்கு இதே நிலைமை. ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம்தான் அதற்கு. விளையாட்டு உலகத்தின் நடுப்புள்ளியிலிருந்து 10 கி.மீ. தள்ளி நின்றால் ஒரு பொருளை ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தில் வைக்கலாம். 100 கி.மீ. போனால் எட்டு மில்லிமீட்டர். அங்கேயே பாத்திரத்தின் விரல்கள் நடுங்கத் தொடங்கிவிடும். சூரியனை நடுப்புள்ளியாக வைத்து, பூமி இருக்கும் 15 கோடி கி.மீ. தூரத்தில் போய் நின்றால் மிகச் சிறிய அடி 16 கி.மீ. ஆகிவிடும். அதற்குக் குறைவாக நகரவே முடியாது. கேரி ஓல்ட்மேனின் புருவம் ஏறி இறங்குவதைக் காட்ட வேண்டிய இடத்தில் பதினாறு கி.மீ. படிகள்!

‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ ஆடியவர்கள் இதை நேரில் அனுபவித்திருக்கிறார்கள். தொலைவுக்குப் போன ராக்கெட்டுகள் காரணமே இல்லாமல் உதறி, உடைந்து சிதறும். அந்தப் பிழைக்கு ‘கிராகன்’ என்று கடல் அரக்கனின் பெயரையே வைத்தார்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் கண்ட தீர்வு அழகானது: ராக்கெட்டை நடுப்புள்ளியிலேயே நிறுத்தி, பிரபஞ்சத்தை அதைச் சுற்றி நகர்த்திவிட்டார்கள். ராபர்ட்ஸின் குழு வேறு வழியில் போனது. கிரைஎன்ஜின் என்ற மென்பொருளில் பொருள்களின் இடத்தைக் குறிக்கும் கணக்குகளை 64 பிட்டுக்கு மாற்றி எழுதினார்கள். அதே 15 கோடி கி.மீ. தூரத்தில் இப்போது மிகச் சிறிய அடி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் கிராபிக்ஸ் சில்லுகளுக்கு 32 பிட்டில்தான் வேகம் வரும். ஆகவே ஒவ்வொரு பொருளின் இடத்திலிருந்தும் பார்ப்பவரின் இடத்தைப் பெரிய எண்களிலேயே கழித்துவிட்டு, மிஞ்சும் சிறிய வித்தியாசத்தை மட்டும் சில்லுக்குக் கொடுக்கிறார்கள். பூமி சூரியனிலிருந்து எத்தனை கோடி கி.மீ. என்பது ஓவியனுக்கு வேண்டாம். எதிரே நிற்பவர் என்னிடமிருந்து இரண்டு மீட்டரா, மூன்றா என்பது போதும்.

அடுத்தது, ஓடும் கலத்துக்குள் நடப்பது. கலம் நொடிக்கு 200 மீட்டரில் பறக்கிறது. உள்ளே நடைபாதையில் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு போகிறார். ஒவ்வொரு படத்திலும் தரை அவர் காலடியிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. வெளியுலக எண்களில் கணக்குப் போட்டால் அவர் சுவருக்குள் புதைந்துபோவார். இதற்கு விடை 1632இலேயே இருந்தது. கலிலியோ தன் உரையாடல் நூலில், கப்பலின் அடித்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரச் சொல்கிறார். கூடவே வண்ணத்துப்பூச்சிகள், தொட்டியில் மீன்கள், சொட்டுச் சொட்டாக நீர் வடியும் குடுவை. கப்பல் சீராகப் போகும்வரை, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று உள்ளே நடக்கும் எதை வைத்தும் சொல்ல முடியாது. விளையாட்டின் நிரலாளர்கள் அந்த அறையை அப்படியே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் தனக்கே உரிய சின்ன இயற்பியல் உலகம். உள்ளே நடப்பவரின் இடத்தைக் கலத்தின் தரையை வைத்துக் கணக்கிடுகிறது கணினி. கலத்தின் இடத்தை வெளியுலகை வைத்து. கதவைத் திறந்து வெளியே குதித்தால் ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகுக்கு ஆளை மாற்றி எழுதுகிறது, ஒரு படம்கூடத் தவறாமல்.

கலிலியோ வாக்குக் கொடுத்தது சீரான ஓட்டத்துக்கு மட்டும்தான். கலம் எட்டு மடங்கு சுமையில் வளைந்தால் தேநீர் சுவரில் இருக்கும், குடித்தவரும் அங்கேதான் இருப்பார். அந்த இடத்தில் கதைக்குள் இருக்கும் செயற்கை ஈர்ப்பு கைகொடுக்கிறது. தரமான அறிவியல் புனைவில் ஒரு பொய்யை எங்கே வைக்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ஒரு சுகம். உண்மை முடியும் இடத்தில், ஒட்டுத் தெரியாமல் வைத்திருப்பார்கள்.

வெற்றிடத்தில் ஓசை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 2014இல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ தன் கலங்களில் ஓசை கேட்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது: வெளியே நடப்பதைக் கலத்தின் கணினியே ஓசையாக்கி விமானிக்குக் கொடுக்கிறது. திரை முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். முதுகுப் பக்கம் வருபவனைச் சொல்ல காதை விட்டால் ஆளில்லை. உண்மையான போர்க்கலத்திலும் இப்படியொன்றை வைக்கத்தான் செய்வார்கள் என்று தோன்றுகிறது.

வெப்பத்தை மட்டும் பெரும்பாலான விளையாட்டுகள் விட்டுவிட்டன. எனக்கு அதில் வருத்தம். சுற்றிலும் குளிர் என்றாலும் விண்வெளியில் சூட்டை இறக்கிவைக்கக் காற்றில்லை. கதிர்வீசித்தான் தணிய வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு அதிகம் போனால் 460 வாட் வெளியேற்றும். எஞ்சினும் லேசரும் கக்கும் சூட்டுக்கு ஊரகலத் தகடுகளை விரிக்க வேண்டியிருக்கும், அந்தத் தகடுகள் இருட்டில் அகல்விளக்குபோல இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். 2016இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்’ இதையே போர்த்தந்திரமாக்கியது. அதில் எதிரியின் வெப்பத் தகடுகளைச் சுட்டு உடைத்தால் அவன் கலம் தன் சூட்டிலேயே முடங்கும். ஒளிந்துகொள்ள முடியாத இருட்டு என்பதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை யாராவது ஓல்ட்மேன் போன்ற முகத்தோடு சொல்ல வேண்டும்.

இந்த விட்டுக்கொடுத்தல்கள் இந்தத் துறையின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டவை. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ எழுதினார்கள். நொடிக்கு ஒரு லட்சம் கூட்டல் போடும் பிடிபி-1 கணினி. வட்டத் திரையில் இரண்டு கலங்கள், ஒன்று ஊசி, ஒன்று ஆப்பு. உந்தினால் போய்க்கொண்டே இருக்கும், திரும்பினால் போக்கு மாறாது. டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு விண்மீனை வைத்து அதற்கு ஈர்ப்பும் கொடுத்தார். கலங்களுக்கு ஈர்ப்பைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் கணினியின் நேரம் தீர்ந்துவிட்டது. ஆகவே குண்டுகளுக்கு ஈர்ப்பு இல்லை என்று வைத்தார்கள். அவை விண்மீனைச் சட்டை செய்யாமல் நேராகப் போயின.

ஆடியவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். எதிரியை நோக்கி மூக்கைத் திருப்பி உந்துகிறவன் தோற்கிறான். விண்மீனை நோக்கி விழுந்து, அதை ஒட்டி வளைந்து, அது கொடுத்த வேகத்தில் மறுபக்கம் வெளியே வருகிறவன் ஜெயிக்கிறான். மெக்டிவிட் ஜெமினி 4-ல் ஏற இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தக் காலத்துப் பிடிபி-1 ஒன்றைச் செப்பனிட்டு கலிபோர்னியாவின் மௌண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் ஊசியும் ஆப்பும் இன்னும் அந்த விண்மீனைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன, குண்டுகள் நேராகப் போய்க்கொண்டிருக்கின்றன.